மெதுவாகத் தீட்டும் கல்

ஜூலை 14, ஞாயிறு

லோகநாயகியை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். இங்கிருந்து சென்னை, அங்கிருந்து தோஹா, பிறகு அமெரிக்கா. மகள் ஹேமாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை, அம்மா பக்கத்தில் இல்லாமல் முடியாது. ஆறு மாதம் தங்க அனுமதி. எனக்கும் சேர்த்து டிக்கெட் போடுகிறேன் என்றுதான் ஹேமா சொன்னாள். லோகநாயகி என் முகத்தைப் பார்த்தாள். "உன் இஷ்டம், நீ போயிட்டு வா. எனக்கு அங்க என்ன வேலை?" என்றேன். பம்பு கம்பெனி டூல் ரூமில் முப்பத்தொரு வருஷம் ஃபோர்மேனாக இருந்தவன் அங்கே போய்த் தொட்டிலா ஆட்டுவான்?

வீடு திரும்பும்போது மணி பன்னிரண்டு. பெட்டி கட்டிய கயிறு, செய்தித்தாள், சிந்திய இட்லிப் பொடி என்று ஹால் சந்தைக்கடையாகக் கிடந்தது. மூலை முடுக்கு விடாமல் கூட்டித் துடைத்தேன். பிறகு ஷெட்டில் ஒளித்து வைத்திருந்த சவரக்கத்தியை எடுத்தேன். போன மாதம் உக்கடம் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கியது, பழைய மடக்குக் கத்தி. எத்தனை பேர் கழுத்தைப் பார்த்த கத்தியோ, வீட்டுக்குள் வரக்கூடாது என்று லோகநாயகி தடை போட்டிருந்தாள்.

சவரம் செய்துகொண்டேன். நான்கு கீறல். வெயிலுக்குத் தலைக்கும் குளித்தேன். பளிச்சென்ற ஹாலையும் பளிச்சென்ற முகத்தையும் சேர்த்து ஒரு படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பாள், இந்த மனுஷன் தனியாக என்ன செய்வாரோ என்று கவலைப்பட வேண்டாமே. பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

போய்ச் சேர்ந்துவிட்டாள். காலை ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. மூன்று கேள்வி கேட்டாள். தான் கிளம்பியதுமே வீடு கூட்டினீர்களா, சவரம் செய்தீர்களா, தலைக்கு ஊற்றினீர்களா. மூன்றுக்கும் ஆமாம் என்றேன். இவ்வளவு பொறுப்பாக இருப்பேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டாள். "சரிங்க" என்று போனை ஹேமாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பயணக் களைப்பு.

ஜூலை 17, புதன்

இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

ஜூலை 26, வெள்ளி

வெள்ளிக்கிழமை முகத்தில் கத்தி வைக்கக்கூடாது என்பது லோகநாயகியின் சட்டம். இன்று வைத்தேன். சட்டத்தை மீறிய சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. கத்தி முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெட்டும் முனை அரிவாள்மணைக்குக்கூட லாயக்கில்லை. என்னிடம் இருக்கும், கத்தி தீட்டுகிற எண்ணெய்க்கல் முனையை உண்டாக்கித் தரும், அவ்வளவுதான். கடைசி மெருகுக்கு அதைவிட நுண்ணிய கல் வேண்டும்.

இணையத்தில் மூன்று மணி நேரம் தேடினேன். பெல்ஜியம் கல், ஜப்பான் கல் எல்லாம் நமக்கு எட்டாக்கனி. சீனாவிலிருந்து வருகிற ஒரு கல் மட்டும் மலிவு. மலையில் வெட்டி எடுத்த இயற்கைக் கல்தான். வாங்கினவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். விலை குறைவு, வேலை சுத்தம், ஆனால் மெதுவு, மகா மெதுவு. அவசரக்காரர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று ஒருவர் முடித்திருந்தார். எனக்கு என்ன அவசரம்? உடனே ஒரு கல்லுக்குச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

கல் வந்தது. ஒரு ஜாண் நீளம், மூன்று விரல் அகலம், சாம்பல் நிறம். நனைத்தால் கறுக்கிறது. எஃகு அளவுகோலை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது, அதாவது பள்ளம். சமையலறை அலமாரியின் கண்ணாடித் தட்டைக் கழற்றி, மேலே உப்புத்தாள் ஒட்டி, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுத் தேய்த்தேன். எல்லாக் கோடும் ஒன்றாக அழிந்தால் கல் சமம் என்று அர்த்தம். மதியச் சாப்பாடு மறந்தே போனது. நினைவுபடுத்த ஆளில்லை என்றால் வயிறும் கேட்பதில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

கல்லோடு ஒரு சிறு துண்டும் தருகிறார்கள். அதைக் கல்லின்மேல் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு பால் வருகிறது. அந்தப் பாலில் கத்தியைப் படுக்கவைத்து முன்னும் பின்னும் ஓட்டவேண்டும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பாலைக் கரைத்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீரில் ஓட்டவேண்டும். நூறு தடவை ஓட்டினேன். எந்த மாற்றமும் இல்லை.

முனை சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. முடி ஒன்றைத் தொங்கவிட்டுக் கத்தி முனையில் தொட்டால் தானாக அறுந்து விழவேண்டும். என் தலையில் இருப்பது அரை அங்குலம். கண்ணாடி அலமாரியில் லோகநாயகியின் சீப்பு கிடந்தது. சீப்பில் ஒரு முடி விடமாட்டாள், சுருட்டி வெளியே போட்டுவிட்டுத்தான் மறுவேலை. இந்தத் தடவை அவசரத்தில் அப்படியே விட்டிருக்கிறாள். பிரித்து எண்ணினேன். இருபத்தாறு முடி. நுனியில் சாயம், அடியில் வெள்ளை. ஊசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு தடவை சோதித்த முடியை மறுபடி பயன்படுத்தக்கூடாது, கணக்குத் தப்பும்.

ஒரு முடி போயிற்று. கத்தியில் பட்டு வளைந்ததே தவிர அறுபடவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ இருநூறு. ஹேமா நலம். மாப்பிள்ளைதான் கூப்பிட்டுச் சொன்னார். லோகநாயகி எங்கே என்று கேட்டேன். குளிக்கிறார்கள் என்றார். மிட்டாய் வாங்கினேன். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தபால்காரருக்கும் கேஸ் போடுகிறவருக்கும் கொடுத்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இப்போதெல்லாம் வீடியோவில் பேத்திதான் வருகிறாள். போனைப் பிடித்திருக்கும் லோகநாயகியின் கட்டைவிரல் மட்டும் ஓரத்தில் தெரிகிறது. உன்னைக் காட்டு என்று சொல்லலாம்தான். அறுபத்தேழு வயதில் அப்படிக் கேட்பது நன்றாகவா இருக்கும்? கல்லைப் பற்றிச் சொன்னேன். முந்நூறு தடவை ஓட்டியும் மசியவில்லை என்றேன். "கை வலிக்கப் போவுது, பாத்துக்குங்க" என்றாள். பாத்திரக்காரரிடம் பேசுகிற குரல்.

மீதி இருபது முடி.

அக்டோபர் 2, புதன்

கை முடியிலும் சோதிக்கிறேன். இடது முழங்கை வரை மொட்டை. மளிகைக்கடையில் சொறியா என்று கேட்டார்கள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்குக் கை எட்டவில்லை. லோகநாயகி கூப்பிட்டு, புதுத்துணி உடுத்தினீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வாங்கவே இல்லை. இத்தனை வருஷம் என் சட்டையை அவள்தான் எடுப்பாள். நீலமா பழுப்பா என்று கேட்பாள், உன் இஷ்டம் என்பேன்.

நவம்பர் 12, செவ்வாய்

காய்ச்சல். கல்லைத் தொடவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

காய்ச்சல் விட்டது. யாருக்கும் சொல்லவில்லை. ரொட்டியும் பாலுமாக ஓடியது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஹேமா கூப்பிட்டாள், தனியாக. அம்மாவின் அனுமதி ஜனவரி நடுவில் முடிகிறது, இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க மனுப் போடலாம், அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் அனுப்பவேண்டும் என்றாள். இப்போது ஹேமாவும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தாயிற்று, அம்மா கட்டாயம் இருக்கவேண்டும் என்பதில்லை என்றும் சொன்னாள். அப்புறம் எதற்கு நீட்டிப்பு என்று கேட்டேன்.

"அம்மாதாங்ப்பா கேக்கறாங்க. அங்க போயி என்ன பண்றதுன்னு சொல்றாங்க. உங்களுக்கு என்ன தோணுதுங்ப்பா?"

அம்மா இஷ்டம் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டாள்.

இதை நான் பெரிதுபடுத்தவில்லை. அங்கே குளிர்காலம், பனி பார்க்க ஆசையாக இருக்கும். இன்று ஐநூறு தடவை ஓட்டினேன்.

டிசம்பர் 9, திங்கள்

ஐந்து முடி மீதி. இனிமேல் வாரத்துக்கு ஒரு சோதனைதான்.

டிசம்பர் 22, ஞாயிறு

இரண்டு.

டிசம்பர் 25, புதன்

ஒன்று. அதைத் தொடப்போவதில்லை.

டிசம்பர் 30, திங்கள்

நிறைய எழுதவேண்டியிருக்கிறது.

ஆறு மாதமாக என் முடிதிருத்துநர் சின்னராஜின் கடைப்பக்கம் போகவில்லை. சொந்தமாகக் கத்தி வைத்துக்கொண்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று, முடி வெட்ட வேறு தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இன்று கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். இந்தக் கத்திக்கு என்ன குறை என்று அவராவது சொல்லட்டும். சின்னராஜ் என்னைவிட இருபது வயது சிறியவர், வாயாடி. கத்தியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தான் பிளேடு மாற்றுகிற ஆள், கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். நாற்காலியில் உட்காரவைத்துத் துணி போர்த்தினார். வாய் சும்மா இருக்குமா எனக்கு? லோகநாயகி ஊருக்குப் போன அன்றைக்கே உங்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன், வீட்டைக் கூட்டினேன், சவரம் செய்தேன், தலைக்குக் குளித்தேன், போட்டோகூட அனுப்பினேன் என்று பெருமையடித்தேன்.

கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிட்டது.

"ஏனுங்ணா, அம்மா போயிச் சேர்றதுக்கு முந்தியேவா?"

ஆமாம் என்றேன்.

"ஊருக்குப் போனவங்க போயிச் சேர்ற வரைக்கும் வீட்டுல கூட்டக்கூடாது, கத்தி வெக்கக்கூடாது, தலைக்கு ஊத்தக்கூடாதுங்ணா. பொணத்தத் தூக்குன பொறவுதான் அந்த மூணையும் பண்ணுவாங்க. எழவு ஊட்டுக்குப் போறவன் சொல்றேன். அதப் போட்டோ வேற புடிச்சு அனுப்புனீங்களா?"

தெரியாது என்று இங்கே எழுத வந்தேன். பொய். அப்பா காரியத்தில் இந்த மூன்றும் அதே வரிசையில் நடந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் மறந்துவிட்டது. அவளுக்கு நம்பிக்கை உண்டு. சென்னை விமான நிலையத்து இரும்பு நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். கூட்டின வீடு, மழித்த முகம், ஈரத் தலை, சிரிப்பு வேறு. போய்ச் சேர்ந்ததும் மூன்று கேள்வி கேட்டாளே, அதற்கு நான் பரீட்சையில் பதில் சொல்வதுபோல ஆமாம், ஆமாம், ஆமாம் என்றேனே. நானெல்லாம் ஒரு மனுஷன்.

சின்னராஜ் வெட்டி முடித்துத் துணியை உதறினார்.

வீட்டுக்கு வந்து வேறு வேலை தெரியாமல் கல்லை நனைத்தேன். கையில் அழுத்திப் பிடிக்கத் தெம்பில்லை. கத்தி அதன் கனத்திலேயே போய்வந்தது. எண்ணவில்லை. சாயங்காலம் வெளிச்சம் குறைந்தபோதுதான் கல்லின் சத்தம் மாறியிருப்பதைக் கவனித்தேன். முன்பு கரகரவென்று இருக்கும், இப்போது சத்தமே இல்லை. கத்தி கல்லோடு ஒட்டிக்கொண்டு போனது. டூல் ரூம்காரன் நான், இரும்பை அழுத்தித்தான் பழக்கம். ஐந்து மாதமாக இந்தக் கல்லையும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அழுத்த அழுத்த முனை மடங்கியிருக்கிறது.

தோல்வாரில் இழுத்துவிட்டு, கடைசி முடியை எடுத்தேன். தொடமாட்டேன் என்று எழுதியவன்தான். தொங்கவிட்டுக் கத்தியருகில் கொண்டுபோனேன். பட்டதே தெரியவில்லை, கீழ்ப்பாதி தரையில் கிடந்தது. குனிந்து தேடி எடுத்தேன். அழுகை வந்தது. சத்தமாகவே அழுதேன், யார் கேட்கப்போகிறார்கள்?

கத்தியைத் துடைத்து, எண்ணெய் போட்டு மடக்கி வைத்துவிட்டேன். சவரம் செய்யவில்லை. அவள் திரும்பி வருகிற வரைக்கும் செய்வதில்லை.

ஜனவரி 3, வெள்ளி

போன் கேமரா கெட்டுவிட்டது என்று பொய் சொல்லி, குரலில் மட்டும் பேசினேன். இந்தத் தாடியைப் பார்த்தால் காதல் தோல்விக்காரன் மாதிரி இருக்கிறது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அந்தச் சமயம் பார்த்துக் குழந்தை அழுதது. நாளைக்குச் சொல்லலாம்.

ஜனவரி 5, ஞாயிறு

சொல்லவில்லை. அங்கே பனி எத்தனை அங்குலம் என்று கேட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

ஹேமா கூப்பிட்டாள். மனுவை முடிக்கவேண்டும், முடிவாகச் சொல்லுங்கள் என்றாள். பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. லோகநாயகி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு அத்தனையும் வீணாயிற்று. "அவ இஷ்டம்" என்றேன். வாய் பழகின பாதையில் போய்விட்டது.

பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

மதியம் சாப்பிடவில்லை. நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

ஜனவரி 8, புதன்

காலை ஆறே முக்காலுக்கு நானே கூப்பிட்டேன், வீடியோவில். ஆறு மாதத்தில் நானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை என்பது மணி அடிக்கும்போதுதான் உறைத்தது. லோகநாயகி எடுத்தாள். முகம் இளைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். போனை வைத்துவிடுவாளோ என்று பயந்து கடகடவென்று சொன்னேன்.

"லோகு, நீ போன அன்னிக்கு நான் பண்ணுனது தப்பு. நீ கவலப்படக் கூடாதுன்னுதான் அந்தப் படத்த அனுப்புனேன். என்ன பண்றோம்னு யோசிக்கவே இல்ல. நீ வந்துரு. உன் இஷ்டம்னு சொல்லல, எனக்கு வேணும்னு சொல்றேன். தனியா இருக்க முடியல."

கேமரா கூரையைப் பார்த்துத் திரும்பிவிட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன்.

"நேத்து நீங்க சொன்னவொடனே ஹேமா அந்த மனுவ அனுப்பிட்டாளுங்க" என்றாள்.

நேற்று என் வாயில் வந்திருக்கவேண்டிய வார்த்தை. ஒரே ஒரு நாள். சரி, ஜூலை வரைக்கும் காத்திருக்கிறேன், தப்பு என்னுடையதுதான் என்றேன்.

"ஜூலை வரைக்கும் இருக்கலாம்னுதானுங்க அதுல கேட்ருக்குது. இருந்தே ஆகோணும்னு எழுதுல" என்றாள்.

குழந்தையைத் தூக்கவேண்டும் என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 9, வியாழன்

கூப்பிட்டேன். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

ஜனவரி 10, வெள்ளி

கூப்பிட்டேன். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். குழந்தைக்கு ஊசி போட்டிருக்கிறது, காய்ச்சல் என்றாள். காய்ச்சல் விட்டதும் எப்போது என்று கேட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கூப்பிட்டேன். கேட்டேன். தாடி அரிக்கிறதா என்று கேட்டாள். அரிக்கிறது என்றேன். இன்றும் தேதி சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். எடுத்ததும் எப்போது வருகிறாய் என்றேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"ஏனுங்க, விடிஞ்சா போதும், வா வான்னு. கொஞ்சம் நச்சரிக்காம இருங்க" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இந்த வார்த்தையை அவள் என்னிடம் சொன்னதில்லை. நாளைக்கும் ஏழு மணிக்குக் கூப்பிடவேண்டும்.